காரைக்குடியில் இருந்தபடி ‘நிறுவனக் கோட்பாடும் வடிவமைப்பும்’ படிப்பது எப்படி?

இணையவழியில் மேலாண்மை முதுநிலைப் படிப்பில் சேருபவர்களுக்கு, பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே ‘நிறுவனக் கோட்பாடும் வடிவமைப்பும்’ என்ற பாடம் வந்துவிடுகிறது. கணக்கியலில் விடை சரியா தவறா என்று தாளின் அடியிலேயே தெரிந்துவிடும். இந்தப் பாடத்தில் அப்படித் தெரியாது. ஒரு நிறுவனம் ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்ற ஒரே கேள்விக்கு மாக்ஸ் வெபர் ஒரு விடை சொல்வார், ஹெர்பர்ட் சைமன் வேறொன்று சொல்வார், இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்களோ என்று தோன்றும். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பலர் இந்த இடத்தில்தான் திணறி, கடைசியில் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து தேர்வை ஒப்பேற்றுகிறார்கள். நான் அவர்களுக்கு அழுத்திச் சொல்வது ஒன்றே: பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்துகொண்டு, பருவம் முழுவதும் ஒவ்வொரு கோட்பாட்டையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். அதற்கான நடைமுறையை வரிசையாகச் சொல்கிறேன்.

சேர்வதற்கு முன்

பட்டம் வேண்டுமா, பாடம் மட்டும் போதுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பட்டம் வேண்டுமென்றால், நீங்கள் சேரவிருக்கும் படிப்புக்கு, நீங்கள் சேரும் அதே பருவத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் அளித்திருக்கிறதா என்பதை அதன் இணையதளத்திலேயே பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். இப்போது டெப் ஐடி (அந்தப் பிரிவின் தளத்தில் மாணவர் எடுக்கும் அடையாள எண்) எடுத்த பிறகே சேர்க்கை நடக்கிறது என்பதால், அதையும் ஏபிசி கணக்கையும் (பெற்ற கல்வி மதிப்பலகுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கு) முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர்கள் ‘எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றாலும் இந்த இரண்டையும் உங்கள் கையாலேயே செய்யுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அந்தப் பட்டம் இங்கே இணையாக ஏற்கப்படுமா என்ற கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பாடம் மட்டும் போதும் என்பவர்களுக்கும், பெரிய படிப்பில் இறங்குமுன் ஆழம் பார்க்க விரும்புபவர்களுக்கும் ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்ற அரசு ஆதரவு இணையக் கல்வித் தளங்களில் மேலாண்மைப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பன்னிரண்டு வார என்.பி.டி.இ.எல். பாடத்தில் வாராந்தர ஒப்படைப்புகளில் சிறந்த 8 கணக்கில் எடுக்கப்பட்டு அதற்கு 25 மதிப்பெண்ணும், நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் என்பது வழக்கமான கணக்கு. தேர்வு மையம் எங்கே கிடைக்கும் என்பதைப் பதிவு செய்யும்போதே பாருங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ போய் எழுத நேர்ந்தால் அன்று விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

எதை எடுத்துக்கொள்வது?

முதல் வாரம் முடிவதற்குள் உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்துவிடுங்கள். பத்திலிருந்து ஐம்பது பேர் வேலை செய்யும் இடம் நல்லது. அதைவிடச் சிறியதில் பிரிவுகள் இருக்காது. அதைவிடப் பெரியதில் வெளியாள் ஒருவருக்கு உள்ளே நடப்பது பிடிபடாது. நீங்களே வேலை பார்க்கும் அலுவலகத்தை எடுப்பது எளிதாகத் தோன்றினாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மேலாளரைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் பேனா தயங்கும். தயங்கி எழுதிய ஆய்வில் சாரம் இருக்காது.

செட்டிநாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாடுள்ள சிமென்ட் தரைக்கல்) பட்டறை, கண்டாங்கி நெய்யும் கூட்டுறவுச் சங்கம், பலகாரக் கடை, பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றி நடத்துபவர்கள், தனியார் மருத்துவமனை, கல்யாணச் சமையல் குழு என்று வகைவகையாக இருக்கின்றன. உரிமையாளரிடம் போகும்போது, “அண்ணாச்சி, உங்க கணக்கு வழக்கைக் கேக்க வரலை, வேலை எப்படி ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குப் போகுதுன்னு பாக்கத்தான் வந்தேன்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் அகன்றுவிடும். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அறிக்கையில் நிறுவனத்தின் பெயரை மாற்றிவிடுவதாக உறுதி கொடுங்கள். கொடுத்த உறுதியைக் காப்பாற்றுங்கள்.

முதல் நாள் போனதும் ‘உங்கள் நிறுவன வரைபடம் இருக்கிறதா’ என்று கேட்க வேண்டாம். இருந்தாலும் அது சுவரில் மாட்டுவதற்காக வரைந்ததாக இருக்கும். ஒரு பொருளைப் பின்தொடருங்கள். ஆத்தங்குடிக் கல் பட்டறை என்றால், கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணம் கலந்த சிமென்ட் கூழை ஊற்றும் கைவினைஞரின் பக்கத்தில் உட்காருங்கள். அச்சைத் தூக்கியதும் பூ கலையாமல் நிற்கிறது. அதன்மேல் மணலும் சிமென்டும் உலர்வாகத் தூவப்படுகின்றன. பின்பு ஈரக் கலவை அழுத்தி நிரப்பப்படுகிறது. இறுக விட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, உலர்த்தி அடுக்குகிறார்கள். இதில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் வேலை தேங்குகிறது, வண்ணம் சற்று மாறிவிட்டால் ‘இது போகாது’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டால், பாடத்தின் பாதிக்கு வேண்டிய சான்று உங்கள் கையில் இருக்கிறது.

கோட்பாடுகளை எந்த வரிசையில் வாசிப்பது?

பாடத்திட்டம் பெரும்பாலும் கால வரிசையில் போகும்: 1911-இல் டெய்லர், 1916-இல் ஃபயோல், வெபரின் அதிகார அமைப்பு, 1924 முதல் 1932 வரை நடந்த ஹாதார்ன் ஆய்வுகள், பிறகு மற்றவை. விரிவுரைகளை அந்த வரிசையிலேயே கேளுங்கள்; குறிப்பேட்டில் மட்டும் கேள்வி வாரியாக எழுதுங்கள். ‘வேலையை எப்படிப் பிரிக்கிறார்கள்?’, ‘பிரித்ததை எப்படி இணைக்கிறார்கள்?’, ‘முடிவை யார் எடுக்கிறார்கள்?’, ‘சுற்றுச்சூழல் (சந்தை, சட்டம் போன்ற வெளிச்சூழல்) மாறும்போது என்ன ஆகிறது?’ என்று நான்கு தலைப்புகள் போதும். ஓர் ஆசிரியரின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்பில் வரலாம். அப்படி வந்தால் அவரை உண்மையாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

இணைப்பது பற்றிய தலைப்பில் மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் செலவிடச் சொல்வேன். பாடத்தின் இதயம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஜேம்ஸ் தாம்ப்சன் 1967-இல் பணிகளுக்கு இடையிலான சார்பை மூன்று வகையாகப் பிரித்தார். கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நூல் வாங்கிப்போய்த் தத்தம் வீட்டுத் தறியில் கண்டாங்கி நெய்பவர்களை எண்ணிப்பாருங்கள்: ஒருவர் தறி நின்றால் அடுத்த வீட்டுத் தறி நிற்பதில்லை, ஆனால் எல்லாருடைய உழைப்பும் சேர்ந்துதான் சங்கத்தின் விற்பனை. இது திரள் சார்பு. இங்கே பொதுவான விதிகளும் அளவுகளும் இருந்தால் போதும். தினமும் கூடிப் பேச வேண்டியதில்லை. கல் பட்டறையில் ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்பதால் அது தொடர் சார்பு; அங்கே அட்டவணை வேண்டும். கல்யாணச் சமையலில் பரிமாறுபவர் பந்தியைப் பார்த்துச் சமையற்கட்டுக்குச் சொல்கிறார், சமையற்கட்டில் எது முடிந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பந்தியின் வேகம் மாறுகிறது. ஒருவர் செய்வது மற்றவருக்கு உள்ளீடாகி, அது திரும்ப இவரிடமே வருகிறது. இது பரஸ்பர சார்பு. இங்கே விதியும் அட்டவணையும் போதாது, நேருக்கு நேர் பேச்சுத்தான் இணைக்கும். சார்பு நெருங்க நெருங்க ஒருங்கிணைப்பின் செலவு கூடுகிறது என்பதுதான் தாம்ப்சன் சொன்னது. ஆகவே, பரஸ்பர சார்பு உள்ளவர்களை முதலில் ஒரே பிரிவில் வையுங்கள், மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம் என்பது அவருடைய வடிவமைப்பு விதி.

அடுத்து ஜோன் உட்வர்டையும் ஹென்றி மின்ட்ஸ்பெர்கையும் சேர்த்து வாசியுங்கள். இங்கிலாந்தின் தெற்கு எஸ்ஸெக்ஸில் 100 தொழிற்சாலைகளை ஆராய்ந்த உட்வர்ட், உற்பத்தி முறை மாறினால் அமைப்பும் மாறுகிறது என்று காட்டினார். ஒரு மேற்பார்வையாளரின் கீழ் இருப்பவர்களின் எண்ணிக்கை பெருமளவு உற்பத்தியில்தான் அதிகம், தனித்தனியாகச் செய்யும் இடங்களில் குறைவு. மின்ட்ஸ்பெர்க் 1979-இல் ஒருங்கிணைப்புக்கான வழிகளைப் பட்டியலிட்டபோது, வேலை செய்யும் முறை, விளைவு, தேர்ச்சி ஆகியவற்றை ஒரே தரத்துக்குக் கொண்டுவருவதைத் தனித்தனி வழிகளாகப் பிரித்தார். பூ அச்சைப் பிடிக்கும் கைக்கு யாரும் எழுத்தில் விதி கொடுப்பதில்லை. அது தேர்ச்சியால் இணைந்த வேலை. இப்படி ஒரு வரி உங்கள் குறிப்பேட்டில் எழுதப்பட்டுவிட்டால், தேர்வில் மின்ட்ஸ்பெர்க் மறக்காது.

கடைசித் தலைப்பான சுற்றுச்சூழலுக்கு 1983-இல் டிமாஜியோவும் பவலும் எழுதியது முக்கியம். ஒரே துறையில் உள்ள நிறுவனங்கள் ஏன் ஒன்றுபோல் ஆகின்றன என்பதற்கு அவர்கள் மூன்று காரணங்கள் சொன்னார்கள்: சட்டம் போன்றவற்றின் கட்டாயம், நிச்சயமின்மையில் பிறரைப் பார்த்துச் செய்தல், தொழில்முறைக் கல்வி தரும் நெறி. சங்கங்களின் பதிவேடும் தேர்தலும் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால், ஒரு சங்கத்தைப் பார்த்தால் மற்றதைப் பார்த்தது போல இருக்கிறது, அது கட்டாயம். பழைய வீட்டு விடுதிகள் ஒன்றை ஒன்று பார்த்து அதே முற்றத்துச் சாப்பாடு, அதே சமையல் வகுப்பு, அதே பட்டறைச் சுற்றுலா என்று வைத்திருந்தால் அது இரண்டாவது வகை.

பர்மாக் கடை என்ற பாடம்

செட்டிநாட்டில் படிப்பவருக்கு, வேறு எங்கும் படிப்பவருக்குக் கிடைக்காத ஒரு வரலாற்று எடுத்துக்காட்டு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மா, மலாயா, இலங்கை ஆகிய இடங்களில் நடத்திய வட்டிக்கடைகளில், முதலாளி பெரும்பாலும் ஊரில் இருந்தார். கடையை நடத்தியவர் கடல் கடந்து போன ஏஜெண்ட். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். ஏஜெண்டின் தவணை பொதுவாக மூன்று ஆண்டுகள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே தரப்பட்டது, கணக்கு முடித்தபின் இலாபத்தில் ஒரு பங்கும் கிடைத்தது. கடிதமும் கணக்கும் ஒழுங்காக ஊருக்கு வந்துகொண்டிருந்தன.

இப்போது 1976-இல் ஜென்சனும் மெக்லிங்கும் எழுதிய முகமைக் கோட்பாட்டை எடுங்கள். உடைமையாளர் ஓரிடத்தில், நடத்துபவர் வேறிடத்தில் இருக்கும்போது, இருவரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அதைச் சரிக்கட்டக் கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் தேவை, இரண்டுக்கும் செலவு உண்டு என்பது அதன் சாரம். ரங்கூனில் இருக்கும் ஏஜெண்ட் யாருக்குக் கடன் கொடுக்கிறார் என்பதைக் கானாடுகாத்தானில் இருக்கும் முதலாளி தினமும் பார்க்க முடியாது. இலாபப் பங்கு ஊக்கத்தொகையாகிறது, கணக்கு கண்காணிப்பாகிறது, உறவும் கோயில் பிரிவும் (நகரத்தாரின் குலப் பிரிவு) ஊர்ப்பேச்சும் மூன்றாவது காவலாகின்றன. பெட்டியடிப் பையனாகத் தொடங்கிய ஒருவர் ஏஜெண்டாக உயரும் பாதையே பயிற்சியாகவும் சோதனையாகவும் இருந்தது. கிட்டங்கியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியை வைத்துக்கொண்டு தனித்தனிக் கடைகள் நடந்தன: சந்தைக்கும் ஒரே நிறுவனத்துக்கும் இடைப்பட்ட வடிவம். கோஸ் 1937-இலும் வில்லியம்சன் 1975-இலும் கேட்ட, ‘எதை நிறுவனத்துக்குள் செய்வது, எதைச் சந்தையில் வாங்குவது’ என்ற கேள்விக்கு அங்கே ஒரு வேறுபட்ட விடை இருக்கிறது.

பெருமை பேசிவிட்டு நிறுத்தினால் அது ஆய்வாகாது. 1930-களில் நெல் விலை வீழ்ந்தபோது கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் கடைகளின் கைக்கு வந்தது; கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938-இல் 25 விழுக்காடானது. கடன் கொடுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட அமைப்பு நிலத்தை வைத்துக்கொண்டு தவித்தது, உழவர்களின் கசப்பும் வளர்ந்தது, 1942-இல் ஜப்பானியப் படையெடுப்போடு எல்லாம் குலைந்தது. உள்ளமைப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஒரே சூழலை நம்பி நிற்கும் நிறுவனத்தின் இடரை அது நீக்காது என்பதை இங்கிருந்து எழுதலாம். பர்மிய உழவரின் பக்கத்திலிருந்து இதே கதை எப்படித் தெரியும் என்று ஒரு பத்தி சேர்த்தால் கட்டுரைக்கு எடை கூடும். வீட்டுப் பெரியவர்கள் யாரிடமாவது பழைய பேரேடோ கடிதக் கட்டோ இருந்தால், குடும்பத்தின் அனுமதியோடு அவற்றைப் பாருங்கள்.

நேரம், இடம், குழு

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுவதைவிட, எந்த நேரம் என்று நிலைப்படுத்துவது பயன் தரும். அதிகாலை நேரத்தை வாசிப்புக்கும் இரவை வீடியோவுக்கும் ஒதுக்குங்கள்; மாற்றிச் செய்தால் ஆய்வுக்கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் கண் சொக்கும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களும் மாசி, பங்குனியில் வரும் முத்துமாரியம்மன் திருவிழாவும் பருவத் தொடக்கத்திலேயே உங்கள் நாட்காட்டியில் ஒப்படைப்புத் தேதிகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உறவுமுறைகளைத் தவிர்க்க முடியாது. ஒப்படைப்பை ஒரு வாரம் முன்னதாக முடிக்க முடியும். பழைய வீடுகளில் சுவர் கனம் என்பதால் உள்ளறைகளில் சிக்னல் நிற்காது. நேரலை வகுப்புக்கும் கண்காணிப்புடன் நடக்கும் தேர்வுக்கும் முகப்பிலோ மாடியிலோ ஓர் இடத்தைச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழு ஒப்படைப்பு வரும்போது, உங்கள் குழுவையே ஒரு நிறுவனமாக வடிவமையுங்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் துபாயில் என்றால், நமக்கு இரவு எட்டரை மணி அங்கே முறையே பதினொன்று, ஏழு. எல்லாரும் எல்லாப் பத்தியையும் சேர்ந்து எழுதுவது பரஸ்பர சார்பு. இத்தனை நேர வேறுபாட்டில் அது நடக்காது. ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துவிட்டு, முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வாக்கியம் வரை திருத்தி ஒரே குரலாக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். லாரன்ஸும் லோர்ஷும் 1967-இல், பிரிவுகளுக்கிடையே இணைப்பாளர் என்று தனி ஆளை வைப்பதைப் பற்றி எழுதியது இதைத்தான்.

இறுதி அறிக்கை

பருவ முடிவில் ஒரு நிறுவனத்தை மறுவடிவமைக்கச் சொல்வார்கள். ‘தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும்’ என்ற வாக்கியத்தை எழுதாதீர்கள்; அது எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் பயன்படாது. மாற்று வழிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரு பலகாரக் கடையை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முன் தேன்குழலும் அதிரசமும் சீப்புச் சீடையும் கேட்டு ஒரே நேரத்தில் ஆர்டர்கள் குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் அம்மாவிடமே வந்து கேட்க வேண்டியிருப்பதால் அடுப்புகள் காத்திருக்கின்றன. ஜே கால்பிரெய்த் 1973-இல் இத்தகைய நெருக்கடிக்கு நான்கு வழிகள் வகுத்தார். கேட்க வேண்டிய தேவையைக் குறைக்கும் வழிகள் இரண்டு: முன்கூட்டியே செய்து கையிருப்பு வைப்பது, அல்லது ஓர் ஆர்டரை முழுவதுமாக ஒரே குழுவிடம் ஒப்படைப்பது. முதலாவதில் நாளானால் சிக்கு வாடை வரும் இடர். இரண்டாவதில் ஒவ்வொரு குழுவுக்கும் தனி அடுப்பு, தனி உரல் என்று செலவு. கேள்விகளைக் கையாளும் திறனைக் கூட்டும் வழிகளும் இரண்டு: ஆர்டர்களைப் பதிவு செய்யும் செயலியோ பேரேடோ வைப்பது, அல்லது உரிமையாளரிடம் வராமலே மாஸ்டர்கள் தங்களுக்குள் காலையில் கூடிப் பேசி முடிவெடுக்க விடுவது. செயலிக்குப் பயிற்சி வேண்டும். மாஸ்டர்களுக்கு அதிகாரம் கொடுக்க உரிமையாளரின் மனம் இடம் கொடுக்க வேண்டும். நீங்கள் எதைப் பரிந்துரைத்தாலும் கடையில் எழுதிவந்த குறிப்புகளிலிருந்து சான்று காட்டுங்கள்; ‘முதல் அடுப்பு அன்று முக்கால் மணி நேரம் காத்திருந்தது’ என்பது போன்ற ஒரு வரி, மேற்கோள் நிறைந்த பக்கத்தைவிட வலுவானது. பிறர் எழுதியதை உங்கள் எழுத்தாகக் காட்டாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எதுவரை பயன்படுத்தலாம் என்று பாட விதி சொல்கிறதோ அதற்குள் நில்லுங்கள்.

அறிக்கையைச் சமர்ப்பித்த பிறகு, உங்களுக்காக நேரம் ஒதுக்கியவர்களுக்கென்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் கோட்பாட்டாளர்களின் பெயர் ஒன்றும் வேண்டாம். வேலை எந்த இடத்தில் காத்துக்கிடக்கிறது, அதற்கு என்ன வழிகள் உண்டு, ஒவ்வொரு வழிக்கும் தோராயமாக என்ன செலவாகும் என்ற மூன்றும் இருந்தால் போதும். பணியாளர் யாராவது உங்களிடம் நம்பிச் சொன்ன குறைகள் அந்தத் தாளில் இடம்பெறவில்லை என்பதைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.